தட்டுறவன் சொல் அம்பலம் ஏறாதா?

"அவங்களுக்கு மாடி வீட்டுல குடியிருக்கத் தெரியாது."

இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை விதமாகச் சொல்கிறார்கள்! சுவரில் ஆணி அடிக்கிறாங்க. தண்ணி ஊத்தி ஊத்திக் கழுவுறாங்க. சன்ஷேடுல தொட்டி வெச்சுச் செடி வளர்க்கிறாங்க. அதனாலதான் காரை பேருது, கம்பி தெரியுது, சிலாப்பு விழுது. இப்படிச் சொல்கிற யாரும் 'அவங்க' யார் என்று சொல்வதில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. சேரி என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிற நாகரிகம் கண்டுபிடித்த சொல்தான் இந்த 'அவங்க'.

நான் பூச்சு வேலைக் கொத்தனார். இருபது வருஷத்துக்கு மேல் சாரத்தில் நின்றவன். 2022லிருந்து மூன்று வருஷம் சிங்கப்பூரில் கட்டடங்களின் வெளிச்சுவரைத் தட்டிப் பார்த்துப் பழுது சொல்லும் வேலை. இப்போது சென்னையில் அதே வேலை. குடியிருப்பது வாரியத்து வீட்டில். சுவருக்கு வெளியே தொங்குகிறவனும் நான்தான், சுவருக்கு உள்ளே படுக்கிறவனும் நான்தான். எனவே இந்த விஷயத்தில் பேச எனக்குத் தகுதி இருக்கிறதா என்று யாரும் கேட்க வேண்டாம்.

முதலில் சுவரைப் பற்றிப் பேசுவோம். ஆட்களைப் பற்றிப் பேசுவது அப்புறம்.

வெளிப்பூச்சு என்பது கட்டடத்தின் தோல். வெயிலும் மழையும் முதலில் அதன்மேல்தான் விழுகின்றன. அந்தப் பூச்சு நிற்பதற்குச் சில காரியங்கள் நடக்க வேண்டும். கான்கிரீட் பரப்பைக் கொத்திவிட்டுச் சொரசொரப்பாக்க வேண்டும். செங்கலும் கான்கிரீட்டும் சேருகிற இடத்தில் கோழிவலை அடிக்க வேண்டும். சிமென்டு ஒன்றுக்கு மணல் நாலோ ஐந்தோ போட்டு, இரண்டு தடவையாக ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் கனத்துக்குப் பூச வேண்டும். குறைந்தது ஏழு நாள் சுவருக்குத் தண்ணி அடிக்க வேண்டும். இதெல்லாம் ரகசியம் இல்லை. பூச்சு வேலைக்கென்று ஐ.எஸ். 1661 என்று அரசாங்கத்தின் தரவிதியே இருக்கிறது.

இதில் எதை விட்டாலும் சுவர் அன்றைக்கே விழுந்துவிடாது. அதுதான் வசதி. கலவையில் மணலுக்குப் பதிலாகக் கிரஷர் தூளைக் கொட்டலாம். ஒன்றுக்கு ஐந்தை ஒன்றுக்குப் பத்து ஆக்கலாம். ஏழு நாள் தண்ணியை ஒரு நாளோடு நிறுத்தலாம். மேலே வெள்ளையடித்துவிட்டால் திறப்புவிழா வரைக்கும் தாங்கும். பில்லு பாஸாகும் வரைக்கும் தாங்கும். அப்புறம் மெல்லப் பூச்சு சுவரைவிட்டுப் பிரியும். நடுவில் காற்று புகும். கண்ணுக்குத் தெரியாது. சுத்தியலால் தட்டினால் தெரியும். கெட்டிப் பூச்சு 'டக் டக்' என்கும். பொருமிப்போன பூச்சு 'தொப் தொப்' என்கும். எங்கள் பாஷையில் அது பொக்கு.

பொக்கின் வழியாகத் தண்ணீர் இறங்கும். உள்ளே கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் கேட்டுக் கான்கிரீட்டை உள்ளிருந்தே உடைக்கும். கடலோரக் காற்றில் உப்பு இருப்பதால் இந்த வேலை இன்னும் சுருக்கா நடக்கும். கம்பிக்கு மேல் போட வேண்டிய கான்கிரீட்டின் கனத்தில் திருடியிருந்தால் இன்னும் சுருக்கு.

இப்போது சொல்லுங்கள். இதில் எந்த இடத்தில் என் வீட்டுக்காரி ஆணி அடித்தாள்?

2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கேசவப் பிள்ளை பூங்காவில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். புத்தம்புதிய அடுக்குமாடி. தொட்டால் சுவர் உதிர்கிறது, விரலால் சுரண்டினால் மணலாகக் கொட்டுகிறது என்று குடிவந்த சனங்களே படம்பிடித்துக் காட்டினார்கள். அது தொலைக்காட்சிக்கு வந்தது, சட்டமன்றம் வரைக்கும் போனது. பிறகு ஐ.ஐ.டி.யிலிருந்து வல்லுநர் குழு வந்தது, பூச்சு சரியில்லை என்றது. பொறியாளர்கள் பணியிடை நீக்கம் ஆனார்கள்.

அந்தப் புளியந்தோப்பு எது? 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடர் குடிசைகள் கொளுத்தப்பட்ட அதே புளியந்தோப்பு. நூறு வருஷத்துக்கு முன்னால் ஓலைச்சுவர் எரிந்தது. நூறு வருஷம் கழித்துக் கான்கிரீட் கட்டடத்தின் சுவர் கையோடு வந்தது. குடிசையை மாற்றினோம் என்கிறார்கள். 1970இல் வாரியம் தொடங்கினார்கள், 2021இல் அந்த வாரியத்தின் பெயரையும் மாற்றினார்கள். 'குடிசை' போய் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாடு' வந்தது. பலகையை மாற்றச் சில நாள் போதும். கலவையை மாற்றத்தான் ஐம்பது வருஷமாக முடியவில்லை.

நான் கேட்பது வேறு. ஐ.ஐ.டி. குழு சொன்னதை அந்தச் சனங்கள் முன்னமே சொன்னார்களா இல்லையா? சொன்னார்கள். அப்போது கிடைத்த மறுமொழி என்ன? இவங்களே சொரண்டிக் காட்டுறாங்க என்று பேசினவர்கள் உண்டு. கருவி சொன்னால் அறிக்கை, நாம் சொன்னால் ரகளை. நம்முடைய விரல் சாட்சி ஆகாது. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்கிற பழமொழியை யாரும் சட்டமாக எழுதவில்லை. ஆனால் நடைமுறையில் இருக்கிற சட்டம் அதுதான்.

அந்தக் கலவைக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. சித்தாள். 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு எத்தனைப் பாண்டு மணல் போட்டது என்று கணக்காகத் தெரிந்த ஒரே ஆள் அவள். ஏனென்றால் சுமந்தவள் அவள். எங்கம்மா முப்பது வருஷம் சித்தாள் வேலை பார்த்தவங்க. கலவையைக் கையில் அள்ளிப் பிசைந்து பார்த்தே, 'இது ஒட்டாதுடா, உதுந்துடும்' என்பாங்க. மேஸ்திரி அதட்டுவார்: 'ஒனக்கென்னாம்மா, சொமக்கிற வேலயப் பாரு.' முப்பது வருஷத்தில் ஒரு நாளும் கரணையை அவங்க கையில் கொடுத்தது கிடையாது. எத்தனையோ கட்டடங்களில் எத்தனையோ விசாரணைகள். ஒரு சித்தாளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எத்தனைப் பாண்டு போட்டே என்று எழுதி வாங்கிய விசாரணை ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்.

சரி, சோதிப்பது எப்படி நடக்கிறது? வெயில் நேரத்தில் வெப்பப் படம் பிடிக்கும் கேமராவை வைத்துச் சுவரைப் பார்ப்பார்கள். பொக்கு இருக்கிற இடத்தில் பின்னால் காற்று இருப்பதால் சூடு சுவருக்குள் போகாமல் பூச்சிலேயே நிற்கும். படத்தில் அந்த இடம் பளிச்சென்று தெரியும். நல்ல கருவிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வெயில் படாத சுவரில் அது தடுமாறும். அப்புறம் மனிதன் இறங்க வேண்டும். கயிற்றில் தொங்கிக்கொண்டு ஒவ்வொரு சாண் இடமாகத் தட்ட வேண்டும். கேமரா சந்தேகம் எழுப்பும், தீர்ப்புச் சொல்வது காது.

அறிக்கையைப் படித்துப் பாருங்கள். 'வெளிச்சுவர் தட்டிப் பார்க்கப்பட்டது. பழுதான இடங்கள் குறிக்கப்பட்டன.' பார்க்கப்பட்டது, குறிக்கப்பட்டன. யாரால்? பத்தாவது மாடியில் கயிற்றில் தொங்கியவனுக்கு அந்த வாக்கியத்தில் இடம் கிடையாது. கையெழுத்து கீழே நின்றவருடையது. சாக்கடை சுத்தம் செய்யப்பட்டது, பிணம் அகற்றப்பட்டது, சுவர் தட்டப்பட்டது. இந்த நாட்டில் செயப்பாட்டு வினை என்பது இலக்கணம் மட்டுமில்லை. செய்தவனை மறைப்பதற்குச் சாதி வைத்திருக்கிற திரைச்சீலை.

ஒருமுறை ஒரு பொறியாளர் என் வேலையைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னார்: 'ஒங்க ஆளுங்களுக்கு இந்தச் சத்தம் நல்லா புடிபடும்ப்பா. பரம்பரையா மேளம் தட்டுனவங்க இல்ல?' பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னார். நான் சொன்னேன்: 'சார், எங்க பாட்டன் பறையடிச்சது அவர் இஷ்டப்பட்டு இல்ல. நான் இந்தத் தொழில் கத்துக்கிட்டது மூணு வருஷம் வெயில்ல தொங்கி. நீங்க படிச்சது படிப்பு, நான் படிச்சது மட்டும் பரம்பரையா?' அவர் பேசவில்லை. அடுத்த வேலைக்கு என்னைக் கூப்பிடவுமில்லை. திறமையைக் கூட ரத்தத்தில் இருப்பதாகச் சொல்லிவிட்டால் அதற்குக் கூலி தர வேண்டியதில்லை பாருங்கள். அதுதான் சூட்சுமம்.

சிங்கப்பூரைப் பற்றிச் சொல்கிறேன். அங்கே 2022 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 20 வருஷத்துக்கு மேற்பட்ட, 13 மீட்டரைத் தாண்டிய கட்டடங்களின் வெளிச்சுவரை ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை சோதிக்க வேண்டும். சுவர் முழுக்கக் கண்ணால் பார்க்க வேண்டும், ஒவ்வொரு பக்கத்திலும் பத்தில் ஒரு பங்கையாவது கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். அரசாங்க அடுக்குமாடி வீடுகளும் இதில் அடக்கம். அந்த நாட்டின் பெரும்பான்மைச் சனங்கள் அந்த வீடுகளில்தான் இருக்கிறார்கள். குடியிருக்கிறவனுக்கு மாடியில் வாழத் தெரியுமா என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. சுவருக்கு வயசென்ன என்று கேட்கிறது. உடனே சிங்கப்பூரைச் சொர்க்கம் என்று நான் பாடுவதாக நினைக்க வேண்டாம். அந்தச் சுவரைத் தட்டிய எங்களை லாரியின் பின்னால் உட்காரவைத்துத்தான் விடுதிக்குக் கொண்டுபோனார்கள். சுவருக்குக் கிடைத்த பாதுகாப்பு அதைத் தட்டினவனுக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் சுவரை மனிதனின் குணத்தோடு சேர்த்துக் குழப்பாமல் சுவராகவே பார்க்க முடியும் என்பதை அங்கேதான் கண்டேன்.

லண்டனில் கதை வேறு. அங்கே 24 மாடிக் கிரென்ஃபெல் கோபுரம். நகராட்சிக்குச் சொந்தமான குடியிருப்பு. புலம்பெயர்ந்தோரும் கறுப்பரும் அரபியரும் ஏழைகளும் நிறைந்த கட்டடம். அதற்கு வெளியே அலுமினியத் தகடு போர்த்தினார்கள். 2016இல் வேலை முடிந்தது. சுற்றியிருக்கிற பணக்காரத் தெருவிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கட்டடம் அழகாகத் தெரிய வேண்டும் என்பதும் அந்த வேலைக்கு ஒரு காரணம். நம்ம ஊர்க் கடைகளில் 'எலிவேஷன்' என்று ஒட்டுகிறார்களே ஏ.சி.பி. ஷீட்டு, அந்த வகை. இரண்டு மெல்லிய தகட்டுக்கு நடுவில் பாலித்தீன். பால் பாக்கெட்டில் இருக்கிற அதே ரகம். 2017 ஜூன் 14 அன்று நாலாவது மாடியில் ஒரு குளிர்சாதனப் பெட்டியில் பிடித்த தீ, அந்தப் போர்வையில் ஏறி உச்சிவரை போனது. 72 பேர் செத்தார்கள். கட்டடம் பாதுகாப்பாக இல்லை என்று அங்கே குடியிருந்தவர்கள் முன்கூட்டியே எழுதியிருந்தார்கள். யாரும் காதில் வாங்கவில்லை. அந்தச் சாவுகள் எல்லாமே தவிர்த்திருக்கக் கூடியவை என்று 2024 செப்டம்பரில் விசாரணை அறிக்கை சொன்னது. ஏழு வருஷம் கழித்து!

வெளியே இருக்கிறவன் கண்ணுக்காகப் போர்த்திய போர்வை உள்ளே இருக்கிறவனைக் கொன்றது. இதை மனதில் வைத்துக்கொண்டு கண்ணகி நகருக்கு வாருங்கள். கூவம், அடையாறு ஓரங்களிலிருந்து பிடுங்கிக் கொண்டுபோய் 2000லிருந்து கொட்டப்பட்ட சனங்களின் ஊர். பெரும்பகுதி நம்ம சனம். 2020இல் அதன் வெளிச்சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. குழந்தைகளின் முகங்கள் சிரிக்கின்றன. ஓவியர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒரு பூச்சுக்காரன் என்ற முறையில் கேட்கிறேன்: வர்ணம் அடிக்கிறதுக்கு முன்னால சுவரை எத்தனை பேர் தட்டிப் பார்த்தீங்க? படம் எடுக்க வருகிறவனுக்குச் சுவரின் வெளிப்பக்கம். ஒழுகுகிற தண்ணிக்குப் பாத்திரம் வைக்கிறவளுக்கு உட்பக்கம். நம் வீட்டின் வெளிப்பக்கத்தை மட்டும் திருத்துகிற இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? தலைவர் வரும்போது சேரியைச் சுற்றித் தட்டி கட்டி மறைத்தார்களே, அங்கிருந்துதான்.

சுவரைச் சோதிக்கவே கூடாது என்று வைத்திருக்கிற சுவரும் நாட்டில் உண்டு. மேட்டுப்பாளையம் நடூரில் இருபதடி உயரக் கருங்கல் சுவர். வசதியான வீட்டுக்கும் அருந்ததியர் குடியிருப்புக்கும் நடுவில் நின்ற சுவர். ஆபத்தாக இருக்கிறது, அகற்றுங்கள் என்று சனங்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2019 டிசம்பர் 2 விடியுமுன்னே அது வீடுகளின்மேல் சரிந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் செத்தார்கள். மழையால் இடிந்தது என்று எழுதினார்கள். மழை இரண்டு பக்கமும்தானே பெய்தது? செத்தது ஒரு பக்கம் மட்டும் எப்படி?

திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 2021 டிசம்பர் 27 அன்று வாரியக் கட்டடத்தில் ஒரு பகுதி, 24 வீடுகள், அப்படியே உட்கார்ந்தது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஏன் தெரியுமா? விரிசலைப் பார்த்த சனங்கள் அதை நம்பினார்கள். ஒருவரையொருவர் தட்டியெழுப்பி வெளியே வந்தார்கள். எந்தக் கருவியும் இல்லாமல் நடந்த அந்தச் சோதனையில்தான் அத்தனை உயிர் பிழைத்தது. 'மாடி வீட்டுல குடியிருக்கத் தெரியாத' சனங்களுக்கு மாடி வீட்டின் சாவு தெரிந்திருந்தது.

அப்படியானால் சோதனை வேண்டும் என்று நம்ம சனங்கள் ஏன் தெருவில் இறங்கவில்லை என்று முற்போக்கு நண்பர்கள் கேட்கலாம். நான் சொல்கிறேன். என் பிளாக்கில் விரிசல் விட்ட இடத்தில் சனங்களே பட்டி பார்த்து மறைக்கிறார்கள். தெரியாமல் செய்வதில்லை. 'ஆபத்தான கட்டடம்' என்று ஒரு தாள் ஒட்டினால் அடுத்தது என்ன என்று தெரிந்துதான் செய்கிறார்கள். இருபது முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் பெரும்பாக்கம். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போச்சு, பாத்திரம் தேய்க்கிற வீடு போச்சு, மீன் கூடை போச்சு. எங்க பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க: 'செவுரு வுழுந்தா ஒரு நாளு சாவு. தூக்கினு போயி அங்க போட்டா தெனம் சாவு.' நம் சனங்களுக்குச் சோதனையைக் கண்டு பயமில்லை. சோதனைக்குப் பின்னால் நிற்கிற லாரியைக் கண்டுதான் பயம்.

ஆகவே இதை வெறும் தொழில்நுட்பப் பிரச்சினை என்று பொறியாளர்களிடம் ஒப்படைக்க முடியாது. தலித் அரசியல் பேசுகிற நண்பர்களும் சிமென்டு, மணல், துரு இதெல்லாம் நமக்கெதுக்கு என்று ஒதுங்க முடியாது. கலவையில் இருக்கிறது சாதி. ஒன்றுக்கு ஐந்து யாருக்கு, ஒன்றுக்குப் பத்து யாருக்கு என்று தீர்மானிக்கிறபோது அது வேலை செய்கிறது.

கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். வாரியக் குடியிருப்புகளின் வெளிச்சுவர், சன்ஷேடு, கைப்பிடிச்சுவர், கழிவுக்குழாய் எல்லாவற்றையும் இத்தனை வருஷத்துக்கு ஒருமுறை சோதித்தே ஆக வேண்டும் என்று சட்டம் வேண்டும். விழுந்தபிறகு வருகிற குழு வேண்டாம். அறிக்கை தமிழில், படிக்கிற எழுத்தில், அந்தந்த பிளாக்கின் வாசலில் ஒட்டப்பட வேண்டும். குடியிருக்கிறவர்களில் இரண்டு பேர், அதில் ஒரு பெண், சோதனையின்போது கூட நிற்க வேண்டும். அவர்கள் சொல்கிற பழுது தேதி போட்டுப் பதிவாக வேண்டும். தட்டியவனின் பெயரும் கையெழுத்தும் அறிக்கையில் இருக்க வேண்டும். புதுக் கட்டடம் எழும்பும்போதே கலவையின் கணக்கைச் சித்தாளிடம் கேட்டு எழுத வேண்டும். இடித்துத்தான் கட்ட வேண்டும் என்றால், அதே இடத்தில் அதே சனத்துக்கு வீடு என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் முதல் கடப்பாரை விழ வேண்டும்.

இதில் எதுவும் சலுகை இல்லை. கண்ணாடிக் கட்டடம் கட்டுகிறவன் கேட்காமலே பெறுகிற மரியாதைதான் இது. ஓ.எம்.ஆரில் அந்தக் கண்ணாடிகளை நான் தட்டப் போகிறபோது, ஒரு ரப்பர் பட்டை விலகியிருக்கிறது என்று சொன்னால் போதும். உடனே கீழே கயிறு கட்டி ஆட்களை ஒதுக்கிவிடுகிறார்கள். மறுநாள் ரிப்பேர் ஆள் வந்துவிடுகிறான். அங்கே என் சொல் செல்கிறது. அதே காது, அதே சுத்தியல், சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் சுவரைத் தட்டி இது பொக்கு என்று எழுதிக் கொடுத்தால், 'நீ யாருப்பா இதைச் சொல்ல?' என்கிறார்கள். மூன்று மனு கொடுத்திருக்கிறேன். நாலாவது மனுவைத் தனியாகக் கொடுக்கப் போவதில்லை. எங்கள் பிளாக்கில் வீட்டுக்கு ஒரு சுத்தியல் இருக்கிறது. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பொக்கு இருக்கிற ஒவ்வோர் இடத்திலும் சுண்ணாம்பால் வட்டம் போட்டுத் தேதி எழுதுகிறோம்.